குடியை இவரிடம், அடியை அவரிடம்

அவசர சிகிச்சைப் பிரிவில் நாங்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஆளைப் பார்த்துத்தான் வாயில் வருகின்றன. நெற்றி பிளந்து, சட்டையெல்லாம் ரத்தத்தோடு ஒரு ஆண் வந்தால் முதல் கேள்வி, "எவ்வளவு குடிச்சிருக்கீங்க?" அதே ராத்திரி மணிக்கட்டு வீங்கி ஒரு பெண் வந்தால், "எங்கம்மா விழுந்தீங்க?" அந்த ஆணிடம் "வீட்டுல யாராவது உங்களை அடிக்கிறாங்களா?" என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பெண்ணிடம் "குடிப்பீங்களா? தூக்க மாத்திரை ஏதாவது போடுறீங்களா?" என்று கேட்க எல்லாருக்குமே கூச்சம். குடியை ஆண் பேரிலும் அடியைப் பெண் பேரிலும் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு, வருகிறவர்களை அதற்குள் பொருத்தப் பார்க்கிறோம். இந்தப் பழக்கத்தால் உயிர்கள் போகின்றன என்று நம்புகிறேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் எமர்ஜென்சி நர்ஸ். இந்த வேலைக்கு வந்து பல வருடங்கள் ஆகின்றன. இங்கே வரும் நோயாளிகள் யாரையும் அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக வயது, காயம், உறவு எல்லாவற்றையும் மாற்றியும் கலந்தும் எழுதியிருக்கிறேன்.

ஆண் குடித்துவிட்டுச் சண்டை போடுவான், பெண் வீட்டில் அடி வாங்குவாள் என்ற எண்ணம் முழுக்கப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. உலகம் முழுக்கக் கொலையாகிறவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் ஆண்கள். அவர்களைக் கொல்கிறவர்களும் பெரும்பாலும் ஆண்கள்தான். பெண்கள் விஷயத்தில் கதை வேறு. போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்புக்கான ஐ.நா. அலுவலகம் 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2017ஆம் ஆண்டில் வேண்டுமென்றே கொல்லப்பட்ட பெண்கள் சுமார் 87,000 பேர். அவர்களில் சுமார் 50,000 பேரைக் கொன்றது கணவனோ காதலனோ குடும்பத்தாரோ. வாழ்நாளில் மூன்றில் ஒரு பெண் உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளாகிறாள் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன கணக்கு.

ஆக, பொதுவாகப் பார்த்தால் ஆணுக்கு ஆபத்து வெளியே, பெண்ணுக்கு ஆபத்து வீட்டுக்குள். ஆனால் இது கோடிக்கணக்கானவர்களைச் சேர்த்துப் போட்ட கணக்கு. என் முன்னால் படுக்கையில் கிடப்பது ஒரே ஒரு ஆள். அந்த ஆளுக்கு எது நடந்தது என்பதை அவரிடம் கேட்டால்தான் தெரியும்.

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். ஐம்பது வயதை நெருங்குகிறவர். படியில் உருண்டு விழுந்துவிட்டதாகச் சொல்லி அழைத்து வந்தார்கள். முன்கையில் எலும்பு முறிவு, விலாவில் பழைய காயம் ஒன்றும் புதிய காயம் ஒன்றும். அறுவை சிகிச்சைக்காக வார்டில் சேர்த்தார்கள். முதல் ராத்திரி அமைதியாகத்தான் இருந்தார். மறுநாள் சாயங்காலம் கை நடுங்கத் தொடங்கியது. வியர்த்துக் கொட்டியது, நாடித்துடிப்பு எகிறியது. "ஆபரேஷன்னு பயந்துட்டாங்க பாவம்" என்று சொல்லி ஆறுதல்படுத்தினார்கள். மூன்றாம் நாள் ராத்திரி போர்வையில் பூச்சி ஊர்கிறது என்று ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துப் போட ஆரம்பித்தார். அங்கே பூச்சி எதுவும் இல்லை. அப்போது பணிக்கு வந்த மூத்த சிஸ்டர் ஒருவர் மகளைத் தனியே கூப்பிட்டு நேரடியாகக் கேட்டார்: "அம்மா குடிப்பாங்களா?" மகள் அழுதுகொண்டே தலையாட்டினாள். வருடக் கணக்காக, தினமும், யாருக்கும் தெரியாமல்.

தினமும் குடிக்கிற ஒருவர் திடீரென்று நிறுத்தினால் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். வலிப்பு வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் சிலருக்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் என்ற பிதற்றல் நிலை வரும். கவனிக்காமல் விட்டால் அதில் ஆள் இறந்துபோகலாம். இது எமர்ஜென்சியில் வேலை பார்க்கும் எல்லாருக்கும் மனப்பாடம். நோயாளி ஆணாக இருந்து, அந்த நடுக்கம் வந்திருந்தால், வார்டு பையன்கூடச் சொல்லியிருப்பான். பெண் என்பதால் யாருக்கும் தோன்றவில்லை.

மருந்து கொடுத்து, தயமின் என்ற வைட்டமினை ஏற்றி, தெளிந்த பிறகு அந்த அம்மா பேசினார். அவரிடம் குடியைப் பற்றிக் கேட்ட பிறகுதான் அடியைப் பற்றிச் சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும். "அவரு அடிச்சா வலி தெரியக் கூடாதுன்னுதான் சிஸ்டர் ஆரம்பிச்சேன். அப்புறம் அடிக்காத நாள்லயும் வேண்டியிருந்துச்சு." எக்ஸ்ரேவிலும் அதற்கான தடயம் இருந்தது. கீழே விழும்போது கையை ஊன்றினால் பெரும்பாலும் கட்டைவிரல் பக்கத்து ரேடியஸ் எலும்பு மணிக்கட்டருகே உடையும். அடியைத் தடுக்கக் கையை முகத்துக்கு மேலே தூக்கும்போது சுண்டுவிரல் பக்கத்து அல்னா எலும்பு நடுவில் உடையும். இதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனால் அல்னா மட்டும் தனியாக உடைந்திருந்தால் ஒரு கேள்வியாவது கேட்டிருக்க வேண்டும்.

பெண்களின் குடி கண்ணில் படாமல் போவதற்கு எங்கள் கூச்சம் மட்டும் காரணமில்லை, நாங்கள் பயன்படுத்தும் கருவிகளும் காரணம். குடிப்பழக்கத்தைக் கண்டுபிடிக்க கேஜ் என்ற நான்கு கேள்விப் பட்டியல் ரொம்பப் பிரபலம். குறைக்கணும்னு தோணிச்சா, மத்தவங்க குறை சொல்லிக் கோபம் வந்துச்சா, குற்ற உணர்ச்சி இருக்கா, காலையில எழுந்ததும் குடிக்கிறீங்களா என்று கேட்கும். ஜான் யூயிங் என்ற மனநல மருத்துவர் 1968 வாக்கில் உருவாக்கியது, 1984இல் பரவலாகத் தெரியவந்தது. பெண்களிடம் இந்தப் பட்டியல் பல சமயம் கோட்டை விட்டுவிடுகிறது. ஒளித்துக் குடிப்பவரை யார் குறை சொல்லப்போகிறார்கள்? ஷெரில் செர்பிட்டல் என்ற அமெரிக்க ஆய்வாளர் பல பத்தாண்டுகளாக அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்குள்ளேயே இருந்து மதுவையும் காயங்களையும் ஆராய்ந்தவர். எந்தக் கேள்வி யாரிடம் வேலை செய்கிறது, யாரிடம் செய்யவில்லை என்று ஆணையும் பெண்ணையும் தனித்தனியாகப் பார்த்து, அவசரப் பிரிவுக்கென்றே வேறு நான்கு கேள்விகளைத் தேர்ந்தெடுத்தார். உலக சுகாதார நிறுவனம் குடிப்பழக்கத்தை அளக்க உருவாக்கிய ஆடிட் என்ற பட்டியலிலிருந்து எடுத்த மூன்று கேள்விகள் இப்போது நிறைய இடங்களில் புழங்குகின்றன. அதில் பொதுவாக ஆணுக்கு 4 மதிப்பெண் வந்தால் எச்சரிக்கை, பெண்ணுக்கு 3 வந்தாலே எச்சரிக்கை.

அந்த வித்தியாசம் ஒழுக்கம் சார்ந்தது இல்லை, உடம்பு சார்ந்தது. பெண் உடம்பில் நீரின் அளவு குறைவு. மதுவை இரைப்பையிலேயே உடைக்கும் நொதியும் பொதுவாகக் குறைவு. அதனால் ஒரே அளவு குடித்தாலும் பெண்ணின் ரத்தத்தில் மது அதிகமாக ஏறும், கல்லீரல் சீக்கிரம் கெடும். பழக்கம் தொடங்கி நோயாக முற்றுவதற்கான காலமும் பல பெண்களுக்குக் குறைவாகவே இருக்கிறது. அப்படியென்றால் பெண்ணிடம் இந்தக் கேள்வியை இன்னும் சீக்கிரமாக அல்லவா கேட்க வேண்டும்?

சரி, ஆண்கள் பக்கம் வருவோம்.

கையில் சின்னதாக ஒரு வெட்டுக் காயத்தோடு ஒரு இளைஞன் வருகிறான். நடுவிரல் முட்டிக்கு மேலே, அரை அங்குலம்கூட இருக்காது. "கண்ணாடி கிழிச்சிடுச்சு." வீங்கியிருக்கிறது, ரெண்டு நாள் ஆகியிருக்கிறது. ஒருவரை வாயில் குத்தும்போது பல் பட்டாலும் இப்படித்தான் காயம் வரும் என்பதால், அனுபவமுள்ளவர்கள் அவனை மறுபடியும் முஷ்டியை மடக்கச் சொல்வார்கள். மடக்கினால்தான் பல் இறங்கிய இடமும் தசைநாணில் பட்ட இடமும் மூட்டுக்குள் போன வழியும் ஒரே நேர்க்கோட்டில் வரும். கையை விரித்தவுடன் தசைநாண் பின்னால் நகர்ந்து, உள்ளே போன கிருமியை மூடி வைத்துக்கொள்ளும். மேலே பார்த்தால் கீறல், உள்ளே மூட்டு அழுகிக்கொண்டிருக்கும். வெறும் கண்ணாடிக் கீறல் என்று நினைத்துத் தையல் போட்டு அனுப்பினால் விரலே போகலாம். அதனால் எங்கள் மருத்துவர்கள் இதில் கூச்சமே பார்ப்பதில்லை. நேராகக் கேட்டுவிடுவார்கள்: "யார் வாயில குத்தின?"

விரலைக் காப்பாற்றக் கேட்கும் அந்தக் கேள்வியோடு நிறுத்திவிடுகிறோமே என்பதுதான் என் வருத்தம். அந்தப் பல் யாருடையது? தெருவில் சண்டை போட்ட இன்னொரு இளைஞனுடையதா, அல்லது உதடு கிழிந்து வீட்டிலேயே உட்கார்ந்திருக்கும் மனைவியுடையதா, அம்மாவுடையதா? அந்தக் கைக்குக் கழுவி, மருந்து போட்டு, ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுக்கிறோம். ஆஸ்பத்திரிக்கே வராத அந்த இன்னொரு ஆளைப் பற்றி நமக்கு இருக்கும் ஒரே சாட்சி அந்தக் கைதான்.

அப்புறம், மூலைப் படுக்கை. எல்லா அவசரப் பிரிவிலும் ஒன்று இருக்கும். குடித்துவிட்டுத் தலையில் அடிபட்டு வரும் ஆணை அங்கே சாய்த்துப் படுக்க வைத்து, "போதை தெளியட்டும், பார்க்கலாம்" என்பார்கள். பெரும்பாலும் தெளிந்து எழுந்து போய்விடுவார்கள் என்பது உண்மை. சிலர் எழுவதில்லை. நெடுநாள் குடித்தவர்களுக்கு மூளை சற்றுச் சுருங்கி, மேலே இருக்கும் ரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்கும். கல்லீரல் கெட்டிருந்தால் ரத்தமும் சீக்கிரம் உறையாது. சின்ன அடிகூட உள்ளே கசிய வைக்கும். மயக்கமும் உளறலும் போதையாலா, ரத்தக் கசிவாலா, சர்க்கரை இறங்கியதாலா என்று நாற்றத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. சர்க்கரை பார்க்க வேண்டும், நினைவு நிலையைத் திரும்பத் திரும்ப அளந்து எழுத வேண்டும், தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். குடித்தவர் என்பதால் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவரைத்தான் குடித்தவர் என்பதாலேயே கடைசியாகக் கவனிக்கிறோம்.

இவையெல்லாம் ஒரே இடத்தில் வந்து முடிச்சுப்போடுவதை, கழுத்து நெரிக்கப்பட்ட பெண்களிடம்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

கழுத்தை நெரித்தால் விரல் தடம் பதிந்திருக்கும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் சான் டியேகோவில் இப்படி நடந்த 300 வழக்குகளை எடுத்துப் பார்த்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், பாதிப் பேருக்கு வெளியே தெரியும்படி எந்தக் காயமும் இல்லை. இன்னும் 35 சதவீதம் பேருக்கு இருந்த காயம் போட்டோ எடுக்கக்கூடப் போதாத அளவுக்குச் சின்னது. அதனால் தேட வேண்டியது வேறு: குரல் கம்மியிருக்கிறதா, எச்சில் விழுங்கச் சிரமமா, கண் வெள்ளையிலோ இமைக்குள்ளோ சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா, அந்த நேரத்தில் தன்னை அறியாமல் சிறுநீர் போய்விட்டதா. கழுத்து ரத்தக் குழாயின் உள்சுவர் கிழிந்திருந்தால் மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ கழித்துப் பக்கவாதம் வரலாம். சந்தேகம் இருந்தால் ரத்தக் குழாய்களுக்கான சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். இன்னொன்றும் உண்டு. துணைவனால் ஒருமுறை கழுத்து நெரிக்கப்பட்ட பெண், பின்னாளில் அவனாலேயே கொல்லப்படும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று அதை ஏழு மடங்குக்கு மேல் என்று கணக்கிட்டது.

இப்போது யோசித்துப் பாருங்கள். மூளைக்கு ஆக்சிஜன் நின்று திரும்பிய ஒருவர் எப்படி இருப்பார்? தடுமாறுவார். நடந்ததைக் கோர்வையாகச் சொல்ல வராது. கத்துவார், அழுவார், கட்டிலில் நிற்கமாட்டார். பார்க்கிறவர்களுக்குப் போதையில் இருப்பது போலவே தோன்றும். கூட வந்த ஆள் நிதானமாக, மரியாதையாகச் சொல்வார்: "கொஞ்சம் தண்ணி போட்டிருக்கா சிஸ்டர், அதான் உளர்றா." ஒருவேளை அவள் உண்மையிலேயே கொஞ்சம் குடித்தும் இருக்கலாம். வாயில் வாசம் இருக்கும். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அவள் கழுத்தைத் தொட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றாது. அவள் சொல்வது எதையும் யாரும் எழுதிக்கொள்ளவும் மாட்டார்கள்.

குடி என்று வந்தவுடன் நம் மனசு ஆணுக்கு ஒரு தீர்ப்பும் பெண்ணுக்கு ஒரு தீர்ப்பும் எழுதுகிறது. அடித்தவன் குடித்திருந்தால், "போதையில தெரியாமப் பண்ணிட்டான்." அடி வாங்கியவள் குடித்திருந்தால், "குடிச்சா பின்ன அடிக்காம என்ன பண்ணுவான்?" ஒரே போதை அவன் குற்றத்தைக் குறைக்கிறது, அவள் மேல் குற்றத்தை ஏற்றுகிறது. காத்திருப்போர் இருக்கைகளில் கேட்பதைவிட இதை ஊழியர்கள் அறையில் கேட்கும்போதுதான் எனக்கு உடம்பு எரியும்.

மது நிதானத்தைக் குலைக்கிறது, சின்ன உரசலைப் பெரிய அடியாக மாற்றுகிறது, குடிக்கும் வீடுகளில் காயங்கள் மோசமாகின்றன. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதே ஆள் எவ்வளவு போதையிலும் முதலாளியை அடிப்பதில்லை. காவலரை அடிப்பதில்லை. வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டுத்தான் அடிக்கிறான். ஒரு சொட்டு குடிக்காமல் அடிக்கிறவர்களும் ஏராளம். குடியை நிறுத்தினால் அடி குறையலாம், நின்றுவிடும் என்று எந்தப் பெண்ணிடமும் நான் உறுதி சொல்லமாட்டேன். மறுபக்கத்தில், அடி வாங்குகிறவர்கள் தூங்குவதற்காகவும் பயத்தை அடக்குவதற்காகவும் மாத்திரைக்கும் மதுவுக்கும் போகிறார்கள். போதையில் இருக்கும்போது தப்பி ஓடவோ உதவி கேட்கவோ முடியாமல் இன்னும் அடி வாங்குகிறார்கள். அளவுக்கு மீறி மாத்திரை விழுங்கி வரும் பெண்களிடம் "ஏம்மா இப்படிப் பண்ணீங்க?" என்று கோபமாகக் கேட்பதை விட்டுவிட்டு, "வீட்டுல யாருக்குப் பயப்படுறீங்க?" என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். பதில் வருகிறது.

ஆண்களிடமும் வருகிறது, நேரம் கொடுத்தால். குடிக்கும் மகனிடம் அடி வாங்கும் முதியவர் "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்றுதான் சொல்வார். மனைவியோ காதலியோ காதலனோ அடிக்கும் ஆண்கள் இருக்கிறார்கள். பாலியல் வன்முறைக்கு ஆளான ஆண் அதைச் சொல்லாமலே இருக்க எவ்வளவு வேண்டுமானாலும் குடிப்பான். எங்கள் கேஸ் ஷீட்டில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: சண்டை. இளைஞர்கள் என்றால் அதுவும் சாதாரண விஷயமாகிவிடுகிறது. அமெரிக்காவின் மிஷிகன் மாநிலம் ஃபிளின்ட் நகரத்தில், போதைப் பழக்கமும் இருந்து, அடிபட்டு அவசரப் பிரிவுக்கு வந்த இளைஞர்களை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். 2015இல் வெளியான முடிவு: அவர்களில் 36.7 சதவீதம் பேர் அந்த இரண்டு வருடத்துக்குள் மறுபடியும் வன்முறையில் காயம்பட்டுத் திரும்ப வந்தார்கள். மூன்றில் ஒருவருக்கும் மேல். மாரடைப்பு வந்தவரில் மூன்றில் ஒருவர் திரும்பி வந்தால் நாம் எத்தனை கூட்டம் போட்டுப் பேசியிருப்போம்.

திருநர்கள் பற்றியும் ஒரு வார்த்தை. பதிவு மேஜையிலேயே அவர்களுக்கு வன்முறை தொடங்கிவிடுகிறது. பெயரை உரக்கக் கூப்பிடுவது, முறைத்துப் பார்ப்பது, ஆண் பக்கமா பெண் பக்கமா என்று எல்லார் முன்னாலும் கேட்பது. காயத்துக்குக் கட்டுகூடப் போடாமல் எழுந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் குடியைப் பற்றியும் அடியைப் பற்றியும் கேட்பதற்கு முன்னால், அவர்கள் உட்கார்ந்திருக்கும்படியாவது நாம் நடந்துகொள்ள வேண்டும்.

நாங்கள் ஏன் கேட்பதில்லை என்பதற்கும் காரணங்கள் உண்டு, மறைக்க விரும்பவில்லை. நேரமில்லை. போதையில் வருகிறவர்களிடம் நாங்களே அடி வாங்குகிறோம், கெட்ட வார்த்தை கேட்கிறோம். ட்ரிப்ஸ் போடும்போது என் முகத்தில் விழுந்த குத்து இன்னும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அடுத்த ஆளிடம் பரிவோடு பேசுவது லேசில்லை. சில நாடுகளில் போலீஸுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்ற சட்டம் இருப்பதால் நோயாளியே வாயைத் திறக்கமாட்டார். அமெரிக்காவில் இன்னொரு விசித்திரம்: போதையில் காயம்பட்டால் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கலாம் என்று 1947இல் ஒரு மாதிரிச் சட்டம் வகுத்தார்கள், பல மாநிலங்கள் அதை ஏற்றன. விளைவு, மருத்துவர்கள் நோயாளிக்கு நல்லது செய்வதாக எண்ணி மதுப் பரிசோதனையே செய்யாமல் விட்டார்கள். அதை நீக்கிவிடலாம் என்று காப்பீட்டு ஆணையர்களின் சங்கமே பரிந்துரைக்க 2001 வரை ஆனது.

கேட்டால் பலன் உண்டா என்றால், உண்டு. அமெரிக்காவின் சியாட்டிலில் உள்ள ஹார்பர்வியூ மருத்துவமனையில் காயம்பட்டு வந்த குடிநோயாளிகளிடம் ஒரே ஒரு முறை, அரை மணி நேரம், திட்டாமல் அறிவுரை அடுக்காமல் பேசினார்கள். பிறகு ஒரு கடிதம் அனுப்பினார்கள். 1999இல் வெளியான முடிவில், அடுத்த ஒரு வருடத்தில் மறுபடி காயம்பட்டு வருவது 47 சதவீதம் குறைந்திருந்தது. ஃபிளின்ட்டில் குடியும் அடிதடியும் இரண்டும் உள்ள 14 முதல் 18 வயதுப் பிள்ளைகளிடம், ஆண் பெண் இருவரிடமும், இரண்டையும் சேர்த்தே சுமார் 35 நிமிடம் பேசிப் பார்த்தார்கள். அடுத்த சில மாதங்களில் சக வயதினரோடு நடக்கும் அடிதடியும் குடியால் வரும் தொல்லைகளும் குறைந்தன என்று 2010இல் எழுதினார்கள். இரண்டையும் சேர்த்தே பேசினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எங்கள் ஊழியர் அமைப்பில் குடிக்கு ஒரு ஆலோசகர், வன்முறைக்கு வேறொரு சமூகப் பணியாளர், இருவரும் வெவ்வேறு மாடியில். நோயாளிக்கோ இரண்டும் ஒரே ராத்திரி நடந்தது.

வேல்ஸில் கார்டிஃப் நகரத்தில் முகம், தாடை அறுவை சிகிச்சை செய்யும் ஜொனாதன் ஷெப்பர்ட் இன்னொரு வழி பிடித்தார். அடிபட்டு வருகிறவர்களில் பலரைப் பற்றிப் போலீஸுக்கு எதுவுமே தெரியாது என்று கண்டார். பதிவு மேஜையில் மூன்று விஷயம் கேட்டு எழுத வைத்தார்: எங்கே, எப்போது, எந்த ஆயுதத்தால் அடித்தார்கள். பெயரை நீக்கிவிட்டு அதைக் காவல்துறைக்கும் நகராட்சிக்கும் கொடுத்தார்கள். எந்த மதுக்கூடத்தின் வாசலில் தாடைகள் உடைகின்றன என்று தெரிந்தது. ஒப்பிடத்தக்க மற்ற நகரங்களோடு பார்க்கும்போது வன்முறைக் காயத்தால் ஆஸ்பத்திரியில் சேர்வது 42 சதவீதம் குறைந்ததாக 2011இல் வெளியிட்டார்கள். மிக நல்ல வேலை. ஆனால் இது தெருவுக்கும் மதுக்கூடத்துக்கும் பொருந்தும். வீட்டுக்குள் நடப்பதை அப்படி வரைபடத்தில் புள்ளி வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. புள்ளி வைத்தால் அந்த வீட்டுப் பெண் மாட்டிக்கொள்வாள்.

அதனால் தனியாகக் கேட்கத்தான் வேண்டும். வெறுமனே கேட்டு, ஒரு துண்டுச்சீட்டைக் கையில் கொடுத்தால் போதாது என்பதும் தெரிந்ததே. கனடாவில் நடத்தி 2009இல் வெளியிட்ட பெரிய பரிசோதனையில், கேள்வித்தாளில் வன்முறை இருப்பதாகச் சொன்ன பெண்களின் விவரத்தை மருத்துவரிடம் கொடுத்ததாலேயே பின்னாளில் வன்முறை குறைந்ததாகத் தெரியவில்லை. கெடுதலும் எதுவும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2013இல், வருகிற எல்லாப் பெண்களிடமும் கேள்வித்தாள் வைத்துக் கேட்கச் சொல்லவில்லை. சந்தேகம் வரும் இடத்தில் கேளுங்கள், கேட்பதற்குமுன் தனியிடமும் பயிற்சியும் அனுப்பிவைக்க ஒரு இடமும் தயாராக இருக்கட்டும் என்றது. நான் இதில் ஓரளவுதான் ஒத்துப்போகிறேன். சந்தேகம் யார் மேல் வருகிறது என்பதில்தான் நம் கோளாறே இருக்கிறது. மூலைப் படுக்கை ஆண் மேல் வராது, நன்றாக உடுத்திய பெண் மேல் வராது. குறைந்தபட்சம் காயத்தோடு வருகிற ஒவ்வொருவரிடமாவது, ஆணோ பெண்ணோ, இரண்டு கேள்வியையும் கேட்டுவிட வேண்டும். ஒரு வருஷத்துல யாராவது அடிச்சாங்களா, உதைச்சாங்களா, யாரு? இன்னைக்கு என்ன குடிச்சீங்க, என்ன மாத்திரை போட்டீங்க, தினமும் உண்டா? ஒரு நிமிடம்கூட ஆகாது.

தனியிடத்துக்கு எங்களிடம் இருக்கும் ஒரே தந்திரம் எக்ஸ்ரே அறை. "கதிர்வீச்சு இருக்கு, கூட வந்தவங்க வெளியே நில்லுங்க" என்றால் யாரும் மறுப்பதில்லை. அந்தக் கதவு சாத்தியிருக்கும் சில நிமிடங்களில் எனக்குச் சொல்லப்பட்டவை, வார்டில் மணிக்கணக்காக உட்கார்ந்தாலும் வந்திருக்காது. கூட வந்தவரை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டால் எதுவும் வராது.

படிப்பவர்களில் யாராவது ஒரு நாள் அடிபட்டவரை அழைத்துக்கொண்டு வருவீர்கள். நர்ஸ் உங்களை வெளியே போகச் சொன்னால் தயவுசெய்து போய்விடுங்கள். உங்கள் மேல் சந்தேகம் என்று அர்த்தமில்லை. எல்லாரையும் அனுப்பினால்தான் அனுப்பவேண்டியவரையும் அனுப்ப முடியும். அவர் என்ன குடித்தார், என்ன மாத்திரை, என்ன போதை எடுத்தார், கடைசியாக எப்போது என்பது தெரிந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். வலி மருந்தும் மயக்க மருந்தும் அதைப் பார்த்துத்தான் அளவு மாறும், மூச்சு நின்றுபோகும் ஆபத்தும் அதில் இருக்கிறது. "எங்க வீட்டுப் பொம்பளைங்க அதெல்லாம் தொடமாட்டாங்க" என்று அவருக்குப் பதிலாக நீங்கள் சொல்ல வேண்டாம். கழுத்தில் யாராவது கை வைத்தார்கள் என்று தெரிந்தால், தழும்பு எதுவும் இல்லாவிட்டாலும், அந்த ஒன்றை மட்டும் பதிவு மேஜையிலேயே சொல்லிவிடுங்கள். காத்திருக்கும் வரிசையில் அவரை முன்னால் கொண்டுவர எனக்கு அந்தத் தகவல் போதும்.